அட்மினை யார் இறக்குவது?

எந்த அடுக்குமாடியிலும் மோட்டார் போடுவதற்கென்று ஒருவர் இருப்பார். அவரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஒருநாள் போட்டார், மறுநாளும் போட்டார், பிறகு அது அவர் வேலையாகிவிட்டது. தொட்டி வழிந்தால் திட்டு, தண்ணீர் வராவிட்டாலும் திட்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாட்களில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. இணையத்தில் ஒரு குழுவைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சம்பளம் கிடையாது. ஸ்பேமை அழிப்பார், சண்டையை விலக்குவார், ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியோடு வருபவரைப் பழைய பதிலுக்கு அனுப்பி வைப்பார். நம்முடைய பதிவை அவர் அழிக்கும் நாளில்தான் "இந்த ஆளை யார் இங்கே உட்கார வைத்தது?" என்று கேட்கிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு தளத்துக்கும் ஏதோ ஒரு முறை இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும். எனக்கு ஆர்வமெல்லாம் அடுத்த கேள்வியில்தான். உட்கார்ந்தவரை எழுப்புவது யார், எப்படி? பல வருடங்களாக இதை ஒரு பொழுதுபோக்கு மாதிரி கவனித்து வருகிறேன். இறக்குவதற்கு ஒழுங்கான வழி இல்லாத இடத்தில், ஏறுவதற்கான வழியும் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டுப் போகிறது என்பது என் கட்சி. பெரிய தளங்களில் அது எப்படி நடந்தது என்பதையும், வேளச்சேரியில் எங்கள் தெருவில் எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன்.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த வாட்ஸ்அப். குழுவை யார் தொடங்குகிறாரோ அவர் அட்மின். அவர் விரும்பினால் இன்னும் சிலரை அட்மின் ஆக்கலாம். அந்தச் சிலர் ஒருவரையொருவர் இறக்கிக்கொள்ளலாம். தொடங்கியவரை மட்டும் யாராலும் அசைக்க முடியாது, அவராகக் குழுவை விட்டு வெளியேறினால்தான் உண்டு. 2018 மே மாதத்துக்கு முன்பு அப்படி இல்லை. புதிதாக அட்மின் ஆனவர், தன்னை ஆக்கியவரையே வெளியே தள்ள முடிந்தது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் விளைவு என்னவென்றால், இந்தியாவில் தெருவுக்குத் தெரு, வகுப்புக்கு வகுப்பு, ஆயுள் முழுக்க நீக்க முடியாத பதவி ஒன்று உருவாகிவிட்டது. யார் முதலில் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டும்தான் அதற்கான தகுதி.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்திலும் இதே கதை, கொஞ்சம் விரிவாக. அங்கே ஒரு தலைப்பில் குழுவைத் தொடங்கியவர் மாடரேட்டர் பட்டியலில் முதல் ஆள். பிறகு சேர்க்கப்படுபவர்கள் அவருக்குக் கீழே வரிசையாக நிற்பார்கள். தனக்குக் கீழே இருப்பவரை நீக்கலாம், மேலே இருப்பவரைத் தொட முடியாது. கீழே இருந்துகொண்டு நாள்தோறும் வேலை பார்ப்பவர்கள், எப்போதாவது எட்டிப் பார்க்கும் முதல் ஆளின் மனநிலையை அனுசரித்துப் போக வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்த பிறகும் அந்த வரிசை பல வருடம் அப்படியேதான் இருந்தது.

2023 ஜூனில் இது வெடித்தது. வெளியார் செயலிகள் ரெட்டிட்டின் தரவைப் பயன்படுத்துவதற்கு நிறுவனம் பெரிய கட்டணம் விதித்தது. அதை எதிர்த்து ஜூன் 12 முதல் 8,000க்கும் மேற்பட்ட குழுக்களை அவற்றின் மாடரேட்டர்கள் பூட்டினார்கள். திறக்காவிட்டால் வேறு ஆட்களைப் போடுவோம் என்றது நிறுவனம். தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஒரு பேட்டியில் மாடரேட்டர்களை நிலக்கிழார்களோடு ஒப்பிட்டார். முதலில் வந்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் வாரிசுகளுக்குக் கைமாற்றுகிறார்கள், இது ஜனநாயகம் இல்லை, உறுப்பினர்களே வாக்களித்து அவர்களை நீக்கும் வழி வர வேண்டும் என்கிற தொனியில் பேசினார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஜமீனுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது யார்? பதினைந்து வருடம் அந்த ஏற்பாட்டில் காசில்லாமல் வேலை வாங்கிவிட்டு, வேலை செய்தவர்கள் எதிர்த்து நின்ற வாரத்தில்தான் ஜனநாயகம் ஞாபகத்துக்கு வந்தது. சில குழுக்களில் மாடரேட்டர்கள் நீக்கப்பட்டார்கள். அடுத்த வருடம், நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு குழுவைப் பூட்டவே முடியாது என்று மாற்றினார்கள். இறக்கும் வழி ஒன்று கிடைத்தது, ஆனால் அது உறுப்பினர்கள் கைக்கு வரவில்லை.

சரி, தேர்தல் நடத்தினால் தீர்ந்துவிடுமா? நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிழைச்செய்தியைக் கூகுளில் போட்டால் முதலில் வந்து நிற்கும் இடம். 2008ல் தொடங்கியது. அதுவும் அதன் குடும்பத்துத் தளங்களும் மாடரேட்டரைத் தேர்தல் மூலம்தான் எடுக்கின்றன. நல்ல பதில்கள் எழுதிப் புள்ளிகள் சேர்த்தவர்களுக்குத்தான் வாக்குரிமை. வேட்பாளராக நிற்க இன்னும் அதிகப் புள்ளிகள் வேண்டும். வேட்பாளர்களிடம் கேள்விகள் கேட்கப்படும், பதில்கள் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம், நம் ஊரில் ராஜ்யசபா தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் செய்வதைப் போல. ஜெயித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வைரக் குறி வரும். நான் பார்த்த ஏற்பாடுகளில் மிக நேர்த்தியான தேர்தல் இதுதான்.

ஆனால் அந்த வைரத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஒருமுறை ஜெயித்தால், அவராக விலகும் வரை அவர்தான்.

2019 செப்டம்பர் இறுதியில், அந்தக் குடும்பத்தின் பல தளங்களில் நீண்ட காலம் மாடரேட்டராக இருந்த ஒருவரை நிறுவனம் திடீரென்று நீக்கியது. வரவிருந்த நடத்தை விதி ஒன்றைப் பற்றிய விவாதம்தான் பின்னணி. அவர் விதியை மீறினாரா இல்லையா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. ஆனால் அவரை விசாரித்த முறை என்ன, அவர் பக்கத்தைக் கேட்டவர் யார் என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. டஜன் கணக்கில் மற்ற மாடரேட்டர்கள் வைரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, நீக்குவதற்கும் திரும்பச் சேர்ப்பதற்கும் புதிய முறைகளை எழுதி வெளியிட்டது, டிசம்பரில் அவரோடு ஓர் உடன்பாட்டுக்கும் வந்தது.

அதே வருடம் ஜூனில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதன் இரட்டைப் பிறவி போல ஒன்று நடந்திருந்தது. நீண்ட கால நிர்வாகி ஒருவரை, சமூகத்தைக் கேட்காமல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பதவியை விட்டார்கள். அந்த நிர்வாகி எல்லோருக்கும் பிடித்தவர் இல்லை, கடுமையாகப் பேசுபவர் என்று அவர்மீது புகார்கள் உண்டு. அவரைப் பிடிக்காதவர்களும் எதிர்த்து எழுதினார்கள். கடைசியில் விஷயம் சமூகமே தேர்ந்தெடுத்த நடுவர் குழுவின் கைக்கு வந்தது. குழு தடையை நீக்கியது. ஆனால் நிர்வாகப் பதவியை அவருக்குத் திருப்பித் தரவில்லை. வேண்டுமென்றால் மறுபடி வாக்கெடுப்புக்குப் போ என்றது. போனார், ஜெயிக்கவில்லை.

இதை நான் ரசித்துப் படித்தேன் என்றால் தப்பாக நினைக்காதீர்கள். மேலே இருந்து இறக்கியபோது ஊரே கூடி எதிர்த்தது. அதே ஊர், தன் கையில் வாக்கு வந்தபோது, அதே ஆளை ஏற்றிவிடவில்லை. அவர்களுக்கு அந்த ஆள் மேல் பாசம் இல்லை. இறக்குகிற உரிமை எங்களுடையது என்பதுதான் சண்டை.

விக்கிப்பீடியாவை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் கட்சிக்கு நல்ல சாட்சி அங்கேதான் இருக்கிறது. நிர்வாகி ஆவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று, விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003ல் எழுதினார். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. நிர்வாகி என்றால் பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், விஷமம் செய்பவரைத் தடை செய்யலாம். துப்புரவு வேலைதான், அதனால்தான் அங்கே நிர்வாகியின் சின்னமே தரை துடைக்கும் மாப். 2007ல் மட்டும் ஆங்கில விக்கிப்பீடியாவில் 400க்கும் மேற்பட்டவர்கள் நிர்வாகி ஆனார்கள். 2018ல் எத்தனை பேர் தெரியுமா? 10.

வேலை குறையவில்லை. ஆட்களும் இல்லாமல் போகவில்லை. நடந்தது என்னவென்றால், ஒருவரை நிர்வாகி ஆக்கிவிட்டால் இறக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியமாக இருந்தது. ஓர் ஆண்டு முழுக்க ஒன்றுமே செய்யாமல் இருந்தால் பதவி போகும். மற்றபடி நடுவர் குழுவில் வழக்குப் போட்டு, மாதக்கணக்கில் ஆதாரம் கொடுத்து, வாதாட வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து வாக்காளர்கள் நுழைவாயிலிலேயே கெடுபிடியைக் கூட்டினார்கள். வேட்பாளரை ஏழு நாள் பொதுவில் நிறுத்தி, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கோபமான வரியைத் தோண்டியெடுத்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். பிறகு திருப்பி அனுப்ப முடியாத ஆளை உள்ளே விடுகிறோம் என்ற பயம் இருந்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். மாப்பைத் தூக்கத் தயாராக இருந்த நல்லவர்கள் அந்த ஏழு நாளை நினைத்தே ஒதுங்கிக்கொண்டார்கள்.

2024ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, பொதுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு மாற்றாக ரகசிய வாக்குத் தேர்தல். பலரைச் சேர்த்து ஒரே தேர்தலில் நிறுத்துவதால் ஒருவர் மேலேயே வெளிச்சம் விழாது. அந்த அக்டோபரில் நடந்த முதல் சோதனைத் தேர்தலில் மட்டும் 11 பேர் தேர்வானார்கள், அதாவது 2018 முழுக்கத் தேர்வானவர்களைவிட அதிகம். இரண்டாவது மாற்றம் திரும்ப அழைக்கும் மனு. அனுபவமுள்ள 25 பயனர்கள் ஒரு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால், அந்த நிர்வாகி மறுபடி சமூகத்தின் ஆதரவைப் பெற்றாக வேண்டும், இல்லாவிட்டால் மாப்பைக் கீழே வைக்க வேண்டும். வந்த வேகத்தில் அதைப் பயன்படுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தைந்து என்பது ரொம்பக் குறைவு, கடினமான முடிவை எடுக்கும் நிர்வாகிக்கு இருபத்தைந்து எதிரிகள் சுலபமாகச் சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரு தரப்பு புலம்புகிறது. அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், கதவைத் திறந்து வைத்ததும் உள்ளே வர ஆள் கிடைத்தார்கள் என்பதை என்னால் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவும் இந்தக் குடும்பம்தான். 2003ல் தொடங்கி இன்று 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அங்கேயும் நிர்வாகிகளைப் பயனர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பொது விஷயங்களைப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனை. ஆனால் சிறிய சமூகத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் இருபத்தைந்து முகமறியாதவர்கள் கையெழுத்திடலாம். தொடர்ந்து தொகுப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே உள்ள இடத்தில், கையெழுத்துப் போடுபவரும் போடப்படுபவரும் போன மாதம் ஒரு பட்டறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள். "அண்ணே, நீங்க இறங்கிக்கோங்க" என்று யார் சொல்வது?

சின்ன விக்கிகளுக்கு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சொந்த விதி வகுத்துக்கொள்ளாத விக்கிகளில், இரண்டு வருடம் எந்த அசைவும் இல்லாத நிர்வாகியின் அனுமதியை, அந்தச் சமூகத்துக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு, உலக அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டூவர்டுகள் எடுத்துவிடுவார்கள். உள்ளூரில் யாரும் யாரையும் எதிர்த்ததாக ஆகாது. காலண்டர்தான் இறக்கியது. மனஸ்தாபம் இல்லாமல் முடிந்துவிடும். நமக்கு இது ரொம்பவே பொருந்தி வருகிற ஏற்பாடு என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைத் தேதியைச் சொல்ல வைப்பது.

எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு தேதி இல்லாமல் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழு 2015 டிசம்பர் வெள்ளத்தில் பிறந்தது. படகு எந்தத் தெருமுனை வரை வருகிறது, பால் பாக்கெட் எங்கே கிடைக்கிறது, யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தொடங்கினார். எல்லோருக்கும் அவர் சார்தான். வெள்ளம் வடிந்த பிறகும் குழு நிலைத்தது. மெட்ரோ வாட்டர் லாரி, மின்தடை, காணாமல் போன நாய், கொசு மருந்து அடிக்க மாநகராட்சி வருகிற நாள் என்று இருநூறு பேருக்கு மேல் பயன்பட்ட குழு. குட் மார்னிங் படங்கள் கூடாது, அரசியல் கூடாது, விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சார் வகுத்த விதிகள் நல்ல விதிகள். அவற்றை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தினார். நான் பார்த்த நல்ல அட்மின்களில் அவர் ஒருவர் என்று இப்போதும் சொல்வேன்.

வேறு யாரையும் அவர் அட்மின் ஆக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு பையன் நியூ ஜெர்சியில் வீடு வாங்கினார், சார் வருடத்தில் பாதி அங்கே. 2023 தீபாவளியை ஒட்டி இரண்டு பேர் அரசியல் பேசிச் சண்டையை முற்ற விட்டதில், சார் அங்கிருந்தபடியே அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றினார். சண்டை நின்றது. எல்லோரும் நிம்மதியாகி மறந்தும் போனோம்.

டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் கிடையாது. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. தரைத்தளத்தில் இருக்கும் வயதான தம்பதியை மேலே கொண்டுபோக நாலு பேர் தேவை. குழுவைத் திறந்தால் அடியில் ஒரே ஒரு வரி, அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று. இருநூறு பேர் கையிலும் குழு இருக்கிறது, ஒருவராலும் ஒரு வார்த்தை போட முடியவில்லை. நியூ ஜெர்சியில் அப்போது நள்ளிரவு ஒன்றரை. இரண்டு பேர் சாருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. தூங்குகிற மனிதர் எப்படி எடுப்பார்? எதிர்வீட்டு இரண்டாம் மாடி மேடம் ஒருவர், பழைய குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் புதுக் குழு ஒன்றை ஆரம்பித்தார். சிக்னல் வந்தபோதெல்லாம் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். தம்பதியை மேலே கொண்டுபோனது என்னவோ குழு வழியாக இல்லை, மொட்டை மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டுத்தான். ஆனால் அன்று மாலையிலிருந்து சாப்பாடு, மருந்து, படகு எல்லாம் புதுக் குழுவில்தான் ஓடின.

சார் எழுந்ததும் பழைய குழுவைத் திறந்துவிட்டார். புதுக் குழுவைப் பற்றித் தெரிந்ததும் அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திறந்து விட்டிருப்பேனே" என்று மேடமுக்கு எழுதினாராம். அவர் சொல்வது நியாயம்தான். இன்னொருவரையும் அட்மின் ஆக்குங்கள் சார் என்று கேட்டிருந்தால் செய்திருப்பார் என்றும் நம்புகிறேன். எட்டு வருடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைக் கேட்பது அவரைக் குறை சொல்வது போலப் பட்டது. "பாவம், அவர்தானே ஆரம்பிச்சார்" என்பதற்கு மேல் பேச்சு நகராது.

கூலி இல்லாத வேலையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. சம்பளக்காரரை நிறுத்தினால் கணக்கு முடித்துக் காசைக் கொடுத்து அனுப்பலாம். தன்னார்வலருக்குக் கிடைப்பது மரியாதை ஒன்றுதான், பதவியை எடுத்தால் அதையும் எடுத்ததாகிறது. ரெட்டிட் மாடரேட்டர்களின் உழைப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் மதிப்பு வரும் என்று 2022ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதற்கு முன்பே, அமெரிக்கா ஆன்லைன் என்ற ஏஓஎல் நிறுவனத்தின் தன்னார்வலர்கள், எங்களிடம் வாங்கியது ஊழியர் வேலை, குறைந்தபட்சக் கூலி கொடு என்று 1999ல் வழக்குப் போட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேல் இழுத்து, 1.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் முடித்துக்கொண்டது. அதிலிருந்து தொழில்நுட்ப நிறுவனங்கள் தன்னார்வலருக்குப் பணி நேரம், மேலதிகாரி, பணிக்காலம் என்று எதையும் விதிக்கத் தயங்குகின்றன என்பது என் ஊகம். விதித்தால் ஊழியர் ஆகிவிடுவார். விதிக்காததால் ஆயுள்காலப் பதவி ஆகிவிடுகிறது.

புயலுக்குப் பிறகு பொங்கலை ஒட்டித் தெருக்காரர்கள் கூடினோம். புதுக் குழுவுக்கு அட்மின் யார் யார் என்று பேச்சு வந்ததும் அத்தனை பேரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். "வேணாம் சார், எவனாவது ஏதாவது ஃபார்வர்ட் போடுவான், போலீஸ் நம்ம வீட்டுக்கு வரும்" என்றார் ஒருவர். நம் ஊரில் அட்மின் வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு இந்தப் பயம் பெரிய காரணம். ஆனால் சட்டம் அவ்வளவு பயமுறுத்தவில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அதில் பங்கில்லாத அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப் பத்திரிகையில் சேர்க்காதே என்றது. 2022ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்புச் சொன்னது. அட்மினே விஷமப் பதிவு போட்டால் அது வேறு கதை. இதை நான் எடுத்துச் சொன்னதும் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர் உத்திரமேரூரை இழுத்தார். தமிழ்நாட்டில் தேர்தல் என்றால் யாராவது உத்திரமேரூரை இழுக்காமல் விடமாட்டார்கள், பத்தாம் நூற்றாண்டிலேயே ஜனநாயகம் என்று மார் தட்டுவார்கள். அது பிராமணர்களின் சபை, நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டும் என்பதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். ஆனால் இந்த ஆசிரியர் வேறொரு பகுதியைச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில், 919லும் 921லும் வெட்டியவை, எப்படி எடுப்பது என்பதைவிட எப்படி இறக்குவது என்பதில்தான் எனக்கு இப்போது பிரமிப்பு. குடத்தில் ஓலை போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். வாரியத்தின் காலம் 360 நாள். முடிந்ததும் இறங்க வேண்டும், மூன்று வருடத்துக்கு மறுபடி பெயர் வராது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் சொந்தக்காரர்கள் பெயரும் குடத்துக்குள்ளேயே போகாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் தெரிந்தால் உடனே நீக்க வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. சீட்டில் வந்தவர் தேதி முடிந்ததும் போகிறார், அதனால் ஏறுவதில் பெருமையும் இல்லை, இறங்குவதில் அவமானமும் இல்லை.

வாட்ஸ்அப்பிலும் ஒரு குடவோலை ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரே அட்மின் வெளியேறிவிட்டால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரைச் செயலியே தற்செயலாகப் பிடித்து அட்மின் ஆக்கிவிடும். என் கல்லூரி நண்பர்கள் குழுவில் அட்மின் கோபித்துக்கொண்டு போனபோது, வருடக்கணக்கில் ஒரு பதிவும் போடாத ஒருவன் அப்படி அட்மின் ஆனான். அவனுக்கே பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இதுவரை எந்தப் புகாரும் இல்லை.

கூட்டத்தில் முடிவானது இதுதான். தெருவின் மூன்று பகுதிக்கும் ஒவ்வோர் அட்மின், ஆறு மாதம், பிறகு அடுத்த வீடுகள். குழுவைப் பூட்டுவதென்றால் இருவர் சம்மதிக்க வேண்டும், யாரையாவது நீக்கினால் காரணத்தைக் குழுவிலேயே ஒரு வரியில் எழுத வேண்டும். பழைய குழு அப்படியே இருக்கட்டும், சார் மனசு நோகக் கூடாது. அப்போது ஒரு பையன் சொன்னான், "ஆன்ட்டி, நீங்கதானே குரூப்பை ஸ்டார்ட் பண்ணீங்க, உங்களை மட்டும் யாராலயும் எடுக்க முடியாது." மேடமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரையும் அங்கேயே அட்மின் ஆக்கினார். "அப்போ நான் வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று குழுவிலிருந்து வெளியேறினார், அவர்களில் ஒருவர் அவரைச் சாதாரண உறுப்பினராகத் திரும்பச் சேர்ப்பது என்று ஏற்பாடு.

அந்த ஒருவருக்குச் சேர்க்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆனது. அதற்குள் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லோருக்கும், இன்னார் குழுவிலிருந்து வெளியேறினார் என்ற செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. மேடமின் போன் விடாமல் அடித்தது. என்ன ஆச்சு, யார் என்ன சொன்னாங்க, எதாவது பிரச்சினையா, சார் ஏதாவது பேசிட்டாரா? ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லைங்க, அட்மின் வேலை முடிஞ்சுது, அவ்ளோதான்." மறுமுனையில் இருந்தவர்கள் நம்பினதாகத் தெரியவில்லை. ஒருவர் ஆறுதல் சொல்ல நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்.